கால்வாய்க் கரைக் குப்பையும் நாயின் கழிவும்: வாசகர் கேள்வி – பதில்

கால்வாய், வாய்க்கால் ஓரங்களில் சேரும் குப்பை, அங்கே நாய்கள் விட்டுப்போகும் கழிவு ஆகியவை பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளைத் தேர்ந்திருக்கிறோம். பொதுச் சுகாதாரப் பொறியாளர் ஒருவரும் கால்நடை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

தினமும் காலையில் எங்கள் லாப்ரடாரைப் பக்கிங்காம் கால்வாய் ஓரமாகக் கூட்டிப் போகிறேன். அது கழிப்பதைப் பிளாஸ்டிக் பையில் எடுத்துவிடுவேன். "ஒரு மழை பெய்தால் மண்ணோடு மண்ணாகிவிடும், அதைப் போய்ப் பிளாஸ்டிக்கில் கட்டுகிறீர்களே" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?
– திருவான்மியூர் வாசகி

எடுப்பதுதான் சரி. ஆனால் எடுத்த பை குப்பைத் தொட்டிவரை போய்ச் சேர வேண்டும். பையில் கட்டிக் கரையிலேயே வைத்துவிட்டுப் போவதென்றால் அதைவிட எடுக்காமல் விடுவதே மேல். திறந்து கிடக்கும் மலம் சில வாரங்களில் காய்ந்து உதிரும். கட்டிய பை அப்படியே இருந்து, முதல் மழையில் கால்வாயில் இறங்கும்.

மண்ணோடு மண்ணாகும் என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நினைப்பது மாட்டுச் சாணத்தை மனதில் வைத்து இருக்கலாம். மாடு புல் தின்கிறது, நாய் இறைச்சியும் புரதம் மிகுந்த தீவனமும் தின்கிறது. அதனால் நாயின் மலம் செடிக்கு உரமாவதில்லை, புல்லைக் கருக்குகிறது. அதைவிட முக்கியம் அதிலிருக்கும் புழு முட்டைகள். நாயின் குடலில் இருக்கும் உருண்டைப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வந்ததும் நோயைத் தராது. மண்ணில் 2 முதல் 4 வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தரும். அதன்பின் வருடக்கணக்கில் அந்த மண்ணிலேயே உயிரோடு இருக்கும். மலம் மறைந்துவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில்தான் அந்த இடம் ஆபத்தாகிறது. மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு இது ஈரலையோ கண்ணையோ பாதிக்கலாம். கொக்கிப்புழு இன்னும் வேகம். நம் ஊர் வெப்பத்தில் ஈர மண்ணில் ஒரு வாரத்துக்குள் அதன் இளம்புழு தயாராகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். கடற்கரை மணலில் நடந்தவர்களுக்குக் காலில் பாம்பு ஊர்ந்ததுபோல் சிவந்த கோடு வந்து அரிப்பது இதனால்தான். ஆகவே அன்றைக்கே, அந்த நிமிடமே எடுத்துவிட்டால் புழு முதிர இடமே இல்லை. ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பெருக்குவதில் இந்தப் பலன் கிடைக்காது.

மழை இதைக் கரைப்பதும் இல்லை, தள்ளிக்கொண்டுதான் போகிறது. சாலையோர மழைநீர் வடிகாலில் இறங்குவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராகக் கால்வாய்க்குப் போகும். சாக்கடையும் மழைநீர் வடிகாலும் ஒன்றல்ல. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

இனி பை. இதற்கென்று புதுப் பை வாங்க வேண்டாம். இட்லி மாவு வந்த கவர், பிரெட் கவர், கழுவிக் காயவைத்த அரை லிட்டர் பால் பாக்கெட் எல்லாம் போதும். வெளியே கிளம்பும்போது இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கிழிந்திருக்கலாம். ஊதிப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். கவரை உள்பக்கம் வெளியே வரும்படி கையுறை போல மாட்டி, மலத்தை அள்ளி, கவரை மறுபடி புரட்டி, காற்றை வெளியேற்றி முடிச்சுப் போடுங்கள். பிளாஸ்டிக்கே வேண்டாம் என்றால், நாய் வட்டமடித்து உட்காரும்போதே பின்பக்கம் இரண்டு தாள் தடிமனுக்கு நாளிதழை நீட்டிவிடலாம். சுருட்டி எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

"மக்கும் பை" என்று விற்பதை நம்பிக் கரையில் போடாதீர்கள். ஐ.எஸ். 17088 தரக் குறி உள்ள பைகூடப் பெரிய உரக் கூடத்தின் சூட்டில்தான் சொன்ன காலத்துக்குள் மக்கும். கால்வாய்த் தண்ணீரிலும் சகதியிலும் அந்தச் சூடு கிடையாது.

வீட்டில் எந்தத் தொட்டியில் போடுவது என்றும் கேட்பீர்கள். மக்கும் குப்பையோடு சேர்க்கக் கூடாது, அது உரமாகப் போகிறது. டயாப்பர், நாப்கின் சுற்றிக் கொடுக்கும் தனிப் பொதியோடு கொடுங்கள். தூய்மைப் பணியாளர் பலர் இன்னமும் கையால்தான் பிரிக்கிறார்கள். பையைப் பிரித்துப் பார்க்க வேண்டியில்லாதபடி "நாய்க் கழிவு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

கரையில் நாய் மலம் கிடக்கும் இடத்திலெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவச் சொல்கிறோம். போதுமா?
– மந்தைவெளி வாசகர்

போதாது. குளோரின் மலத்திலிருக்கும் கரிமப் பொருளோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், கிருமிவரை போகாது. உருண்டைப்புழு முட்டையின் ஓடு குளோரினுக்கு அசைவதே இல்லை. முதலில் அள்ளி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு சிமென்ட் தரையாக இருந்தால் கிருமிநாசினி தெளிக்கலாம். பார்வோ வைரஸ் (நாய்க்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் தொற்று) வந்த நாய் கழித்த இடம் என்றால், தேய்த்துக் கழுவிய தரையில் வீட்டு பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். கால்வாய் ஓர மண்ணில் பவுடரைத் தூவினால் அது அடுத்த மழையில் தண்ணீரில் போய், இருக்கும் கொஞ்சநஞ்ச மீனையும் கொல்லும்.

வயிற்றுப்போக்காக இருந்தால் எப்படி எடுப்பது?
– அதே வாசகர்

காய்ந்த மண், சாம்பல், மரத்தூள் இவற்றில் ஏதாவது இரண்டு கைப்பிடி மேலே போட்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு இரண்டு அட்டைத் துண்டை இருபக்கமும் வைத்துச் சுரண்டி எடுங்கள். குழாயைத் திறந்து வடிகாலுக்குள் தள்ளிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அது கால்வாய்க்கே அனுப்பிவைப்பது. நாய்க்கு இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ இரத்தம் கலந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. இரண்டு நாய்களின் கழிவையும் உரக் குழியில் போடலாமா? கழிப்பறையில் கொட்டலாமா?
– கேளம்பாக்கம் வாசகர்

காய்கறிக் கழிவோடு சேர்த்து உரமாக்க வேண்டாம். முட்டைகள் சாக வேண்டுமானால் குவியலின் எல்லாப் பகுதியும் 60 டிகிரிக்கு மேல் சூடாகிப் பல நாள் நிற்க வேண்டும். வீட்டுத் தொட்டியில் நடுப்பகுதி சூடானாலும் ஓரம் ஆறியே இருக்கும். கீரைப் பாத்திக்கு அந்த உரத்தைப் போட்டால் கழுவித் தின்றாலும் சந்தேகம்தான்.

தனிக் குழி வெட்டலாம். 2 அடி அகலம், 2 அடி ஆழம் போதும். நடுத்தர நாய் ஒன்று நாளைக்கு 150 முதல் 350 கிராம்வரை கழிக்கும், தீவனத்தைப் பொறுத்து கூடும் குறையும். ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு விரற்கடை மண் போட்டு, கனமான மூடியால் மூட வேண்டும். மூடி இல்லாவிட்டால் ஈ, எலி, மழைத் தண்ணீர் மூன்றும் வந்துவிடும். மேலிருந்து ஒரு சாண் ஆழம் மிச்சம் இருக்கும்போது மண்ணால் நிரப்பி மூடி, வேறு குழிக்கு மாறுங்கள். மூடிய குழியின் மேல் செம்பருத்தியோ வேம்போ வைக்கலாம், காய்கறி வேண்டாம். கிணறு, ஆழ்துளைக் கிணறு, கால்வாய் இவற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். உங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டடி தோண்டினாலே ஊற்று வருமென்றால் குழி முறையை விட்டுவிடுங்கள். கழிவு நேரே நிலத்தடி நீரில் கலக்கும்.

கழிப்பறையில் கொட்டலாம், பாதாளச் சாக்கடை இணைப்பு உறுதியாக இருந்தால் மட்டும். பையில்லாமல் கொட்ட வேண்டும். செப்டிக் டேங்க் வீடுகளில் நாயின் முடியும் கூடச் சேரும் மண்ணும் அடியில் படிந்து தொட்டியைச் சீக்கிரம் நிரப்பும்.

இங்கே கிராண்ட் யூனியன் கால்வாய் ஓரப் பாதையில் வேலி, மரக்கிளை எங்கும் நாய்க் கழிவுப் பைகள் தொங்குகின்றன. அள்ளிக் கட்டிய பிறகு ஏன் இப்படிச் செய்கிறார்கள்? சில இடங்களில் தேங்காயும் பூஜைத் துணியும்கூட மிதக்கின்றன. நம் ஆட்கள் போட்டதுதான் என்று பார்த்தாலே தெரிகிறது. என்ன செய்யலாம்?
– லண்டன், ஆல்பர்ட்டன் வாசகி

திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வோம் என்று தொங்கவிட்டு, வேறு வழியாக வீடு போய்விடுபவர்கள் உண்டு. குப்பைத் தொட்டி கண்ணில் படும்வரை கையில் பிடித்துக்கொண்டு நடக்கக் கூசுபவர்களும் உண்டு. 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் சுமார் 2,000 மைலைக் கவனித்துவருவது கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. அத்தனை நீளப் பாதைக்கும் தொட்டி வைத்து அள்ளுவது நடக்கிற காரியமல்ல. இதற்குத் தனித் தொட்டி தேட வேண்டியதில்லை. கட்டிய பையைத் தெருவிலுள்ள எந்தப் பொதுக் குப்பைத் தொட்டியிலும் போடலாம். மூடி இறுகும் ஒரு சின்ன டப்பாவை நாயின் பட்டையிலோ உங்கள் தோள்பையிலோ மாட்டிக்கொண்டால் நாற்றமும் இல்லை, கூச்சமும் இல்லை. அதைச் செய்பவர்கள் பையைத் தொங்கவிடுவதில்லை.

காட்டுப் பகுதிகளில் குச்சியால் புதருக்குள் தள்ளிவிடுங்கள் என்று அந்நாட்டு வனத்துறை சொல்வதுண்டு. அதைக் கால்வாய்ப் பாதைக்குக் கொண்டுவரக் கூடாது. இங்கே ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பெரும்பாலும் ஓரடி அகலப் புல். தள்ளியது எங்கே போகும்? அபராதம் விதிப்பது உள்ளூர்க் கவுன்சில். நாய்க் கழிவை எடுக்காமல் விட்டாலும் குப்பை போட்டாலும் அந்த இடத்திலேயே விதிக்கலாம். குப்பைக்கு இங்கிலாந்தில் 2023 ஜூலை முதல் 500 பவுண்டுவரை போகும்.

துணி விஷயம் அவசரமானது. சேலைத் துண்டோ பையோ கயிறோ படகின் விசிறியில் சுற்றிக்கொண்டால் படகோட்டி இன்ஜினை நிறுத்தி, பின்புறப் பலகையைத் திறந்து, குளிர்ந்த தண்ணீருக்குள் கையை விட்டு அறுத்தெடுக்க வேண்டும். அந்தக் கையில் உங்கள் ஊர் நாய்களின் கழிவும் படும். பூஜைப் பூவை வீட்டுத் தோட்டக் கழிவுத் தொட்டியில் போடலாம், தேங்காயைச் சமைத்துச் சாப்பிடலாம், துணியைத் துவைத்துத் துணி சேகரிப்புப் பெட்டியில் சேர்க்கலாம். ஓடும் நீரில் விட வேண்டும் என்ற மரபு பூவும் இலையும் களிமண்ணும் மட்டும் இருந்த காலத்தது. படகை ஏற்றி இறக்கும் மடைக் கதவுகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் கால்வாய் ஓடும் நீரும் அல்ல. இதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதிவைக்கக் கேளுங்கள். ஆங்கிலப் பலகை ஏற்கெனவே கரையில் இருக்கும், அதை யாரும் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கம் கால்வாய்க் கரையை ஒரு ஞாயிறு சுத்தம் செய்யத் திட்டமிட்டிருக்கிறது. சுமார் 20 பேர். என்னென்ன வேண்டும்? எதில் கவனம் தேவை?
– மயிலாப்பூர் வாசகர்

முதலில் வண்டி. ஆட்கள், கையுறை, சாக்கு எல்லாம் பிறகு. அள்ளியதை அன்று மதியத்துக்குள் எடுத்துப்போக வண்டி வரும் என்று வார்டு அலுவலகத்தில் உறுதி வாங்காமல் தேதி குறிக்காதீர்கள். நிறைந்த சாக்குகள் ஓர் இரவு கரையில் கிடந்தால் நாயும் மாடும் கிழிக்கும், பாட்டில் பொறுக்குபவர்கள் அறுத்துக் கொட்டுவார்கள், மழை வந்தால் மொத்தமும் தண்ணீருக்கே திரும்பும். தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியில் அடங்காது, டிப்பர் கேளுங்கள். வார்டின் சுகாதார ஆய்வாளரிடம் பத்து நாள் முன்பே எழுத்தில் கொடுங்கள். கரை நீர்வளத்துறையைச் சேர்ந்ததாக இருந்தால் அவர்களுக்கும் ஒரு நகல்.

இருபது பேர், இரண்டரை மணி நேரம், பல ஆண்டுக் குப்பை சேர்ந்த கரை என்றால் 100 மீட்டருக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். 300 மீட்டருக்கு மேலோட்டமாக எடுப்பதைவிட 100 மீட்டரை மண் தெரியும்வரை எடுப்பது நிற்கும். சுத்தமான இடத்தில் குப்பை போடக் கை தயங்கும், பாதி சுத்தமான இடத்தில் தயங்காது.

25 கிலோ அரிசிச் சாக்கு 80 வரை சேர்த்துவையுங்கள். மெல்லிய கறுப்புப் பை வேண்டாம், கண்ணாடிச் சில்லு பட்டால் கிழியும். சாக்கை மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். ஈரக் குப்பை கனக்கும், முழுதாக நிரப்பினால் படியேற்றும்போது தையல் பிரியும். உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறை ஆளுக்கு ஒன்று, கூடுதலாக ஐந்து. மருத்துவக் கையுறை பயன்படாது. நீண்ட இடுக்கி 10, இரும்பு வாரி 4, மண்வெட்டி 3, முனையில் கொக்கி வைத்த மூங்கில் கம்பு 3. முழங்கால் உயர கம் பூட்ஸ் இல்லாவிட்டால் கட்டைவிரல் மூடிய தடித்த ஷூவாவது கட்டாயம். செருப்போடு வருபவரைத் தண்ணீர் விநியோகத்துக்கு நிறுத்துங்கள்.

ஊசி, பிளேடு, உடைந்த டியூப்லைட் இவற்றுக்குக் காலி 5 லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றை மூடியோடு ஒருவர் கையில் கொடுத்து, அவர் மட்டுமே இடுக்கியால் எடுத்துப் போட வேண்டும். ஊசி குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே மருத்துவமனை.

பிரிப்பதை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி தனி. காயலான் கடைக்குப் போகும் பாட்டில், இரும்பு, கெட்டிப் பிளாஸ்டிக் தனி. கட்டட இடிபாடு தனி, அதை மற்றக் குப்பையோடு வண்டியில் ஏற்றமாட்டார்கள். மற்றதெல்லாம் ஒன்றாக. சகதி அப்பிய கவரையும் சிப்ஸ் பாக்கெட்டையும் உட்கார்ந்து பிரிப்பதில் பயனில்லை, வாங்க ஆளில்லை. அவை சிமென்ட் ஆலை எரிபொருளாகப் போனாலே பெரிது. தெர்மோகோலை உடைக்காமல் முழுத் துண்டாக எடுங்கள். உடைந்தால் மணி மணியாகப் பறந்து தண்ணீரில் விழும், பிறகு எடுக்கவே முடியாது.

கரையிலுள்ள கோரையையும் அலையாத்திச் செடியையும் பிடுங்காதீர்கள். மண்ணைப் பிடித்துவைத்திருப்பது அவைதான். அவற்றுக்குள் சிக்கிய கவரைக் கையால் உருவி எடுக்க நேரமாகும், ஆகட்டும். எதையும் கரையில் எரிக்கவும் வேண்டாம்.

தண்ணீருக்குள் ஒருவரும் இறங்கக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. பக்கிங்காம் கால்வாயின் சகதி எத்தனை அடி என்று மேலிருந்து தெரியாது. காலால் கிளறும்போது அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். வாடை திடீரென்று நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று பொருளல்ல, மூக்கு மரத்துப்போயிருக்கலாம். மிதப்பதைக் கொக்கிக் கம்பால் எட்டியவரை இழுங்கள், எட்டாததை விட்டுவிடுங்கள்.

பாலத்தின் இருபக்கமும் மாநகராட்சி உயரமாக வலை அடித்திருக்கிறது. அதையும் தாண்டி மூட்டை மூட்டையாக ஓட்டேரி நல்லா கால்வாயில் வீசுகிறார்கள். இதற்குத் தீர்வே இல்லையா?
– புரசைவாக்கம் வாசகர்

வலை பாலத்தைக் காக்கும், கால்வாயைக் காக்காது. வலை முடிகிற மூலைதான் அடுத்த குப்பைமேடு. அங்கே போய் ஒரு வாரம், விடிகாலையிலும் இரவு ஒன்பது மணிக்கு மேலும், விழும் மூட்டையின் வகையை மட்டும் கவனித்து எழுதிவையுங்கள். சண்டை போட வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம்.

வீட்டுக் குப்பை அதிகமென்றால், பெரும்பாலும் வண்டி வரும் நேரம் பொருந்தாதவர்கள்தான் போடுகிறார்கள். வண்டி காலை ஏழரைக்கு வருகிறது, அவர்கள் ஆறரைக்கே வேலைக்குக் கிளம்புகிறார்கள். அந்தத் தெருவுக்கு இரவு ஒரு நடை கேட்பதுதான் தீர்வு. கோழிக் கழிவு, இளநீர்க் கூடு, ஹோட்டல் இலை என்றால் அது நான்கைந்து கடைகளின் வேலை. கடை கடையாகப் போய், தினசரி கழிவைக் கொடுப்பதற்கு ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டாலே பாதி குறையும். சாலையிலும் வடிகாலிலும் நீர்நிலையிலும் குப்பை போடுவதை 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடை செய்துவிட்டன. உரிமம் வைத்திருக்கும் கடைக்காரருக்கு இது தெரியும்.

கோழிக் கழிவைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அது விழும் இடத்தில் தெருநாய்கள் கூடும், கூடிய இடத்திலேயே கழிக்கும், குட்டியும் போடும். கால்வாய் ஓரத்தில் நாய்க் கழிவு அதிகம் என்று புகார் சொல்லும் இடங்களில் முதலில் பக்கத்துக் கறிக்கடையின் கழிவு எங்கே போகிறது என்று பாருங்கள்.

தெருநாய்களுக்குத் தினமும் சோறு வைக்கிறேன். அவை கால்வாய்ப் படித்துறையில் அசுத்தம் செய்வதாக என்னைத் திட்டுகிறார்கள். நிறுத்திவிடுவதா?
– கஸ்தூரிபாய் நகர் வாசகி

நிறுத்தினால் அவை குப்பையைக் கிளறும். இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். நாய் பெரும்பாலும் சாப்பிட்ட அரைமணிக்குள் பக்கத்திலேயே கழிக்கும். ஆகவே சோறு வைக்கும் இடம் தண்ணீரிலிருந்து 50 மீட்டராவது தள்ளி, குழந்தைகள் விளையாடாத, படிக்கட்டோ வாசலோ இல்லாத மண்தரையாக இருக்கட்டும். 2023-இல் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளும், உணவளிக்கும் இடத்தைக் குடியிருப்போர் சங்கம் இப்படிப் பார்த்து ஒதுக்கித் தர வேண்டும் என்றே சொல்கின்றன. தினம் ஒரே நேரத்தில், தின்று முடிக்கிற அளவு மட்டும் வையுங்கள். அரைமணி இருந்து, மிச்சச் சோற்றையும் கழித்ததையும் ஒரு முறத்தில் அள்ளிவிட்டுக் கிளம்பினால் திட்டுபவர்கள் குறைவார்கள். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுங்கள். குட்டிகளுக்கு இரண்டாவது வாரத்தில் தொடங்கி, மூன்று மாதம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எடை பார்த்து அளவு சொல்ல மருத்துவர் வேண்டும். கருத்தடைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் மாநகராட்சியிடம் பெயர் கொடுத்துவையுங்கள்.

எங்கள் தெரு மழைநீர் வடிகால் கால்வாயில் சேரும் வாயில் இரும்பு வலை மாட்டினால் குப்பை தண்ணீரில் சேராதே? தெருவில் வெள்ளம் ஏறும் என்று சிலர் பயப்படுகிறார்கள்.
– வேளச்சேரி வாசகர்

பயம் நியாயமானது. சின்னக் கண் உள்ள வலையில் இலையும் கவரும் பாய்போலப் படிந்து, பலத்த மழையின் முதல் அரைமணியிலேயே வாய் அடைத்துவிடும். மாநகராட்சி அனுமதி இல்லாமல் எதையும் மாட்டவும் கூடாது.

அனுமதி கிடைத்துச் செய்வதானால், வலைக்குப் பதில் செங்குத்துக் கம்பிகள், இடைவெளி 40 முதல் 50 மில்லிமீட்டர். நேராக நிறுத்தாமல் நீரோட்டத்தின் திசையில் சாய்த்து வைத்தால் குப்பை மேலே ஏறி ஒதுங்கும், தண்ணீர் அடியில் போகும். வடிகால் உயரத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கைத் திறந்தே விட வேண்டும், அடைத்தாலும் தண்ணீர் வழிந்து போக. கீல் வைத்துத் தூக்கும்படி இருக்க வேண்டும். பிறகு ஒரு கேள்விக்குப் பதில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: ராத்திரி இரண்டு மணி மழையில் வந்து அதை வாருவது யார்? பதில் இல்லையென்றால் மாட்டாதீர்கள்.

அதைவிடக் கால்வாயில், வடிகால் வாய்க்கு வெளியே மிதவைத் தடுப்பு போடுவது பாதுகாப்பானது. கூவத்தில் போட்டதன் சிறு வடிவம். மிதவையின் கீழே ஒரு அடி வலைப் பாவாடை, அதன் அடியில் சங்கிலிக் கனம். நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராகக் கட்டினால் நடுவில் குப்பை குவிந்து, அழுத்தத்தில் அடியில் நழுவும். சாய்வாகக் கட்டினால் ஓட்டமே குப்பையைக் கரைக்கு ஒதுக்கும், அங்கிருந்து வாரலாம். இரு முனையையும் கம்பத்தில் வளையம் போட்டு மாட்டுங்கள், நீர்மட்டம் ஏறினால் மிதவையும் ஏறும். ஆகாயத்தாமரை வந்து சாய்ந்தால் கயிறு அறும். ஆகவே வாரம் இருமுறை வார வேண்டும், புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு முனையை அவிழ்த்துவிட வேண்டும். வாரிய ஆகாயத்தாமரையைக் கரையிலேயே குவிக்காதீர்கள். தூர்வாரிய வண்டலைக் கரையில் கொட்டி, அடுத்த மழையில் அது உள்ளே சரிவதைச் சென்னையில் ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

கல்லணைக் கால்வாய் எங்கள் ஊருக்குள் ஓடுகிறது. தண்ணீர் நின்ற மாதங்களில் அதுதான் குப்பைக் கிடங்கு. எப்போது சுத்தம் செய்தால் பயன்?
– தஞ்சாவூர் வாசகர்

மேட்டூரில் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. இடையில் வறண்டிருக்கும் நான்கரை மாதம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். இதில் மே கடைசி இரண்டு வாரம் மிக முக்கியம். பிப்ரவரியில் சுத்தம் செய்தால் ஜூனுக்குள் மறுபடி நிரம்பியிருக்கும். முதல் தண்ணீர் வரும்போது கால்வாயில் கிடப்பதையெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து மதகு ஷட்டரிலும் பிரிவு வாய்க்கால் தலைப்பிலும் செருகும். கவரும் துணியும் செருகிய ஷட்டர் முழுதாக இறங்காது, முழுதாக ஏறாது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற புகாரில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆள் குறைவென்றால் முழு நீளத்தையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு மதகுக்கும் மேற்புறம் 50 மீட்டர் மட்டும் எடுங்கள். தண்ணீர் திறந்த முதல் மூன்று நாள் மதகில் கொக்கிக் கம்போடு இருவர் நிற்கட்டும், ஷட்டரைத் தொடுவது மட்டும் பாசன ஊழியர் வேலை.

கரை சுத்தம் செய்து ஒரு வாரம் கழித்து எங்கள் குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல். தொடர்பு இருக்குமா?
– கோட்டூர்புரம் வாசகி

இருக்கலாம், தாமதிக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரிலும், சில சமயம் நாயின் சிறுநீரிலும் இருந்து, ஈர மண், தேங்கிய நீர் வழியாகக் காலிலுள்ள சின்ன வெட்டில் நுழையும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் தெரியும், ஒரு மாதம்வரைகூட ஆகலாம். கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் சந்தேகம் கூடும். சாதாரண வைரல் காய்ச்சல் என்று மாத்திரை போட்டு மூன்று நாள் பார்ப்பதுதான் கெடுதல். இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "கால்வாய்க் கரையில் வேலை செய்தேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொல்லுங்கள், கேட்டால்தான் அந்தப் பரிசோதனையை எழுதுவார்கள்.

அடுத்த முறைக்கு: காலில் வெட்டு இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிப் பூட்ஸ் போடுங்கள், இல்லாவிட்டால் வர வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்ளட்டும். கையுறையைக் கழற்றும் முன் வெளிப்புறத்தைச் சோப்பு நீரில் கழுவி, கழற்றிய பின் கையை மறுபடி கழுவிவிட்டுத்தான் டீயும் பிஸ்கட்டும்.

சென்னையில் யாரிடம் புகார் சொல்வது? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள்.
– பலர்

குப்பை, நாய், மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சி, 1913. சாக்கடை நீர் வடிகாலில் கலந்தால் குடிநீர் வாரியம், 1916. பக்கிங்காம் கால்வாயின் உள்ளே தூர்வாருதல், கரை உடைப்பு நீர்வளத்துறையைச் சேர்ந்தது. சில சின்னக் கால்வாய்கள் மாநகராட்சியிடமே இருப்பதால் பாலத்திலோ கரையிலோ உள்ள பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். "கால்வாய் நாறுகிறது" என்று எழுதாமல், எந்தப் பாலத்திலிருந்து எத்தனை மீட்டர், எந்தக் கரை, என்ன குப்பை என்று எழுதுங்கள். பகலில் எடுத்த படம் ஒன்றைச் சேர்த்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். குப்பையை எடுக்காமலே புகாரை முடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால், அதே எண்ணைக் குறிப்பிட்டு அன்றைய படத்தோடு மறுபடி பதிவுசெய்யுங்கள்.